வேடம் புனைதலும் வேடம் களைதலும்: ‘டயோனைசஸ் இன் 69’ நிகழ்வின் ஒத்திகைமுறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

யூரிப்பிடிஸின் ‘பாக்கே’ நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு, ரிச்சர்ட் ஷெக்னரின் நெறியாள்கையில் 1968–69இல் நியூயார்க்கில் நிகழ்த்தப்பெற்ற ‘டயோனைசஸ் இன் 69’ நவீன அரங்க வரலாற்றில் தொடர்ந்து பேசப்பட்டு வருகிறது. அதன் நிர்வாணமும் பார்வையாளர் பங்கேற்பும் விவாதிக்கப்பட்ட அளவுக்கு, இளம் நடிகர்களிடம் அதன் ஒத்திகை எதைக் கேட்டது என்பது விவாதிக்கப்படவில்லை. ‘பாக்கே’ நாடகத்துக்குள்ளேயே வேடம் புனையும் காட்சி ஒன்றும் வேடம் களையும் காட்சி ஒன்றும் உள்ளன. அறுபதுகளின் ஒத்திகைமுறை முன்னதையே தனக்குப் பாடமாகக் கொண்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: யூரிப்பிடிஸ், பாக்கே, ஷெக்னர், ஒத்திகை, மாணவ நடிகர், சூழல் அரங்கு

நாடகத்துக்குள் ஓர் ஒத்திகை

யூரிப்பிடிஸ் மாசிடோனியாவில் இறந்தபின், கி.மு. 405 அளவில், ஏதென்ஸ் நகரின் டயோனைசஸ் விழாவில் ‘பாக்கே’ அரங்கேறி முதற்பரிசு பெற்றது. எழுதியவர் உயிருடன் இல்லாத நிலையில் ஒத்திகை கண்ட நாடகம் அது. அதை அரங்கேற்றியவர் அதே பெயர் தாங்கிய இளைய யூரிப்பிடிஸ். அவர் மகனா, உடன்பிறந்தார் மகனா என்பதில் பழங்குறிப்புகள் மாறுபடுகின்றன. கிரேக்கர் தம் நாடகக் குழுவைப் பயிற்றுவிப்பவரை ‘திதாஸ்கலோஸ்’ என்றனர். அச்சொல்லுக்கு ஆசிரியர் என்பதே நேர்ப்பொருள். இயக்குநர் என்ற தனிப்பதவி ஐரோப்பிய அரங்கில் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒத்திகை என்பது கற்பித்தல் என்றும் நடிகர் என்பவர் மாணாக்கர் என்றும் ஓர் உறவு சொல்லிலேயே நிலைபெற்றிருந்தது. கல்விநிலையங்களில் கிரேக்கத் துன்பியல் நாடகத்தை இன்று ஒத்திகை பார்க்கும்போது இவ்வுறவு மீண்டும் நேர்ப்பொருளிலேயே திரும்பி வருகிறது. அங்கு நெறியாளர் உண்மையாகவே ஆசிரியர். நடிகர் உண்மையாகவே மாணவர்.

கதை ஆய்வாளர்கள் அறிந்ததே. தீப்ஸ் நகருக்கு மனித உருவில் வரும் டயோனைசஸ், தன் தெய்வத்தன்மையை மறுக்கும் இளம் மன்னன் பென்தியூஸை மலைக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே வெறிகொண்ட பெண்கள் மன்னனைக் கிழித்தெறிகின்றனர். அவர்களுக்குத் தலைமை ஏற்பவள் அவனைப் பெற்ற தாய் அகாவே. இந்நாடகத்தைச் சமயநாடகமாகவும் அறிவுக்கும் உணர்ச்சிக்குமான போராட்டமாகவும் வாசித்தோர் பலர். ஒத்திகையை மனத்தில் கொண்டு வாசித்தால் வேறொன்று முன்னுக்கு வருகிறது.

மலைக்குப் புறப்படும் முன் பென்தியூஸ் பெண்ணுடையில் அரங்குக்கு வருகிறான். தன் நடை தாயினுடையதைப் போல் இருக்கிறதா, சிற்றன்னை ஈனோவினுடையதைப் போல் இருக்கிறதா என்று கேட்கிறான். டயோனைசஸ் அவனுடைய கலைந்த கூந்தற் சுருளைச் சரிசெய்கிறான்; இடைக்கச்சை தளர்ந்திருப்பதையும், கணுக்காலருகே உடையின் மடிப்பு ஒழுங்காக விழாததையும் சுட்டுகிறான். கோலை எந்தக் கையில் பிடிப்பது என்ற கேள்விக்கு, வலக்கையில் பிடித்து வலக்காலுடன் சேர்த்து உயர்த்துமாறு கற்றுத் தருகிறான். இது ஓர் உடையொத்திகை. டயோனைசஸ் இங்கே திதாஸ்கலோஸ். பென்தியூஸ் தன் பாத்திரத்தைச் செம்மையாகச் செய்ய விரும்பும் நடிகன். அவன் இணங்குகிறான், ஐயமில்லை. ஆனால் இணங்கும் அவன் அப்போது இரண்டு சூரியன்களைக் காண்பவனாக, தெளிவிழந்தவனாக இருக்கிறான். அந்த இணக்கத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியை யூரிப்பிடிஸ் விடையின்றி விட்டுச் செல்கிறார்.

நியூயார்க், 1968

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியராக ஷெக்னர் 1967இல் பொறுப்பேற்றார். அவ்வாண்டு நவம்பரில் போலந்து நாட்டு நெறியாளர் குரோட்டோவ்ஸ்கி அப்பல்கலைக்கழகத்தில் நடத்திய பட்டறையில் அவர் பங்கேற்றார். அதையொட்டித் தாமே இளைஞர் சிலரைத் திரட்டித் தொடங்கிய பயிற்சிக்கூட்டமே ‘பெர்ஃபார்மன்ஸ் குரூப்’ ஆயிற்று. குழு பல்கலைக்கழகத்தின் நிறுவன அங்கம் அன்று. உறுப்பினர் அனைவரும் மாணவர் என்றும் கூறவியலாது. எனினும் அதில் மாணவர் இருந்தனர். ஏனையோரும் பயிலும் பருவத்தினரே. பேராசிரியர் ஒருவரின் பட்டறையிலிருந்து முளைத்த குழுவில் ஆசிரியர்–மாணவர் உறவு பெயரளவில் விலகினாலும் இயக்கத்தில் விலகுவதில்லை.

வூஸ்டர் தெருவில் இருந்த பழைய பணிமனை ஒன்றில் மரக்கோபுரங்கள் எழுப்பப்பட்டன. பார்வையாளர் அவற்றின் மீதும் தரையிலும் அமர்ந்தனர். நடிப்பிடம், பார்ப்பிடம் என்ற பிரிவு கைவிடப்பட்டது. 1968 ஜூன் 6 அன்று நிகழ்வு தொடங்கி, 1969 ஜூலை வரை நடைபெற்றது. வில்லியம் ஆரோஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து ஏறத்தாழ 600 வரிகளே எடுத்தாளப்பட்டன. மூலநாடகமோ 1,392 வரிகள் கொண்டது. எஞ்சிய பகுதிகளை நடிகர்கள் ஒத்திகையில் உருவாக்கினர். பிரையன் டி பால்மாவும் தோழர்களும் பதிவுசெய்து 1970இல் வெளியிட்ட படத்தில் திரை இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பாதியில் நிகழ்வு, மறு பாதியில் அதைச் சூழ்ந்தவர்கள். இந்நிகழ்வைப் பற்றி எழுதுவோர் அனைவருக்கும் அப்படமும், ஷெக்னர் பதிப்பித்த 1970ஆம் ஆண்டு நூலும், பென்தியூஸாக நடித்த வில்லியம் ஷெப்பர்டின் 1991ஆம் ஆண்டு நூலுமே முதன்மைச் சான்றுகள்.

நவீன அணுகுமுறை என்பது இந்நிகழ்வில் உடையிலோ காலமாற்றத்திலோ இல்லை. நடிகரின் சொந்தப் பெயர் பாத்திரத்தின் பெயருக்கு அருகில் வைக்கப்பட்டதே அதன் உண்மையான புதுமை. டயோனைசஸாக வரும் வில்லியம் ஃபின்லே தன் பெயரையும் பிறப்பு விவரத்தையும் கூறித் தொடங்குகிறார். பின்னர்த் தானே கடவுள் என்கிறார். பார்வையாளர் சிரிக்கின்றனர். பிறகு ஆண்கள் தரையில் வரிசையாகக் கிடக்க, பெண்கள் அவர்களுக்கு மேல் கால்களை அகற்றி நிற்க, அந்தக் குகைவழியில் நடிகர் நெளிந்து வெளிவர, கடவுள் பிறக்கிறார். (இச்சடங்கு நியூ கினித் தீவின் அஸ்மத் மக்களிடமிருந்து பெறப்பட்டது. ஒரு மக்களின் சடங்கு இன்னொரு கண்டத்தில் ஒத்திகைப் பயிற்சியாவது தனியே ஆராயத்தக்கது. இங்கு அதை விரிக்க இடமில்லை.)

ஃபின்லேயின் அறிமுகம் இந்நிகழ்வின் தலைசிறந்த பகுதி என்பது என் கருத்து. அதில் ‘நான்’ எங்கே முடிகிறது, ‘கடவுள்’ எங்கே தொடங்குகிறது என்பதை நடிகரும் அறிவார், பார்ப்பவரும் அறிவர். வேடத்துக்குள் நுழையும் வாயில் எல்லார் கண்ணிலும் படுகிறது. அவ்வழியே அவர் திரும்பி வரவும் முடியும். பென்தியூஸின் காட்சிகளில் இந்நிலை மாறுகிறது.

கேள்வி வட்டம்

ஒத்திகைப் பயிற்சி ஒன்று அப்படியே நிகழ்வின் பகுதியாயிற்று. நடிகர்கள் சூழ்ந்திருந்து ஒருவரையொருவர் சொந்த வாழ்வு குறித்துக் கேள்வி கேட்பர்; விடையளிக்க இயலாமல் நடிகர் திணறும் இடம்வரை கேள்விகள் தொடரும். கேள்விகள் முன்கூட்டி எழுதப்பட்டவை அல்ல. இங்குத் துன்புறுவது பென்தியூஸா, ஷெப்பர்டா? நெறியாளரின் கொள்கைப்படி இக்கேள்வியே பொருளற்றது. இருவருக்கும் இடையிலான இடைவெளியை அழிப்பதே நோக்கம். அக்காலத்தில் அமெரிக்காவில் பரவியிருந்த குழு உளச்சிகிச்சை முறையின் செல்வாக்கு இதில் வெளிப்படை. குழுவினர் சிகிச்சை அமர்வுகளையும் முறையாக நடத்தினர்.

இவ்விடத்தில் ஒரு மாற்றம் உற்றுநோக்கத்தக்கது. யூரிப்பிடிஸின் வேடம் புனையும் காட்சி இந்நிகழ்வில் அதன் பழைய வடிவில் இல்லை. பெண்ணுடைக்கு மாறாக, டயோனைசஸ் பென்தியூஸிடம் உடலுறவுக்கான இசைவைக் கேட்கிறான். ஆண் ஆணை முத்தமிடுகிறான். 1968இன் அமெரிக்க இளைஞன் ஒருவனுக்குப் பெண்ணுடையைவிட அந்த முத்தமே கடக்க அரியது என்ற கணிப்பு இம்மாற்றத்தின் பின்னே உள்ளது. இம்மாற்றத்தைப் பண்பாட்டு வரலாற்றின் நோக்கில் விளக்கியோர் உளர். ஃபுரோமா சைட்லினின் கட்டுரை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஒத்திகை நோக்கில் பார்த்தால், உடை என்ற பொருளே நீக்கப்பட்டிருப்பதுதான் முதன்மையானது. யூரிப்பிடிஸின் பென்தியூஸிடம் கழற்றி வைக்கக்கூடிய ஒன்று இருந்தது. சாவின் விளிம்பில் அவன் தன் தலைப்பட்டையைக் கழற்றி எறிந்து, தாயின் கன்னத்தைத் தொட்டு, தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள முயல்கிறான். அவள் காணவில்லை என்பது வேறு. கழற்றுவதற்கு ஒரு பொருள் அவனிடம் இருந்தது. நவீன நடிகனிடம் இருப்பது தன் பெயரும் தன் உடலுமே. அவற்றைக் கழற்றி ஒப்பனையறையில் மாட்டிவிட்டு வீடு திரும்ப இயலாது.

இந்நிகழ்வில் பார்வையாளரும் நடிகரும் ஒருவரையொருவர் வருடிக்கொள்ளும் பகுதி ஒன்று இருந்தது. சில பார்வையாளர் எல்லை மீறினர். நடிகையர் சிலர் இதற்காகத் தாம் குழுவில் சேரவில்லை என எதிர்ப்புத் தெரிவித்தனர், பகுதி மாற்றியமைக்கப்பட்டது. 1973இல் வெளிவந்த ‘என்விரான்மென்டல் தியேட்டர்’ நூலில் ஷெக்னர் இதை மறைக்காமல் பதிவு செய்கிறார், அந்நேர்மை மதிக்கத்தக்கது. ஆனால் அப்பதிவிலிருந்து நாம் பெறும் செய்தி அவர் கொள்கைக்கு எதிரானது. எல்லையை மீட்டெடுத்தது அரங்கக் கோட்பாடு அன்று; ‘இயலாது’ என்ற நடிகையரின் சொல்லே. இடைவெளியை அழிப்பதே விடுதலை என்று பயிற்றுவிக்கப்பட்டவர்கள், தம் அனுபவத்தில் இடைவெளியைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

நிகழ்வின் அரசியலோடு இதை ஒப்பிட்டால் முரண் இன்னும் தெளிவாகும். இறுதியில் டயோனைசஸ், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கும் வேட்பாளனைப் போலக் குழுவினர் புடைசூழ, பணிமனைக் கதவு திறக்கத் தெருவுக்குச் செல்கிறான். பரவசம் தரும் தலைவன் கொடுங்கோலனாகவும் ஆவான் என்ற எச்சரிக்கை அதில் உண்டு. ‘பரவச அரசியல்’ குறித்து ஷெக்னரே அக்காலத்தில் கட்டுரை எழுதியுள்ளார். ஆகவே டயோனைசஸை ஐயுறத் தெரியாதவர்கள் இதைச் செய்தார்கள் என்று எளிதாகக் கூறிவிட முடியாது. நிகழ்வு டயோனைசஸை ஐயுற்றது, ஒத்திகை ஐயுறவில்லை. மக்கள்முன் நிற்கும் தலைவனிடம் கேட்கப்பட்ட கேள்வி, பயிற்சிக்கூடத்தில் நிற்கும் ஆசிரியரிடம் அதே கடுமையுடன் கேட்கப்படவில்லை.

பென்தியூஸ் கடத்தப்பட்ட மாலை

பென்தியூஸ் தப்புவதற்கு நிகழ்வின் அமைப்பே ஒரு வழி வைத்திருந்தது. பார்வையாளருள் ஒரு பெண் அவன் அழைப்பை முழுமையாக ஏற்றால் அவன் சாகாமல் வெளியேறலாம். நடைமுறையில் அது பெரும்பாலும் நிகழவில்லை. ஆனால் ஒருநாள் குவீன்ஸ் கல்லூரி மாணவர் சிலர் முன்கூட்டியே திட்டமிட்டு வந்து, பென்தியூஸைத் தூக்கிக்கொண்டு அரங்கைவிட்டே வெளியேறினர். பார்வையாளருள் ஓர் இளைஞர் பென்தியூஸின் இடத்தை ஏற்க முன்வந்தார்; அவருக்கு அவ்வப்போது செய்ய வேண்டியது சொல்லித் தரப்பட்டு நிகழ்வு தொடர்ந்தது.

இந்நிகழ்ச்சி பங்கேற்பு அரங்கின் வெற்றிக்கும் தோல்விக்கும் மாறிமாறிச் சான்றாகக் காட்டப்படுகிறது. எனக்கு அது வேறு வகையில் முக்கியமாகிறது. ஒத்திகை காணாத ஓர் இளைஞன், தெய்வமாக நிற்பவர்கள் சொல்லச் சொல்லத் தன் பாத்திரத்தைக் கற்றுக்கொண்டு, கற்றபடியே பலியாகிறான். ஷெக்னரின் குழு மாற்றியமைத்த வேடம் புனையும் காட்சி, எவரும் திட்டமிடாமலே அன்று மாலை முழுவடிவில் நடந்தேறிவிட்டது. கல்லூரி மாணவர்களின் குறுக்கீடோ கிரேக்கக் கோரஸ் ஒருபோதும் செய்யாதது. துன்பியல் நாடகத்தின் கோரஸ் அஞ்சும், இரங்கும், எச்சரிக்கும். கதவைத் திறந்து பலியாளைத் தூக்கிச் செல்லாது.

மலையேறுதல்

இவ்வரலாறு தமிழரங்கத்துக்கு அயலானது அன்று. குரோட்டோவ்ஸ்கி, ஷெக்னர் ஆகியோரின் பயிற்சிமுறைகளை அறிந்து, தம் மூன்றாம் அரங்குக்கேற்ப மாற்றிக்கொண்டவர் பாதல் சர்க்கார். அவர் 1980இல் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகத்தின் திருப்புமுனைகளுள் ஒன்று. கண்ணை மூடி மற்றவரை நம்பி நடத்தல், வட்டமாக அமர்ந்து சொந்த வாழ்வின் வலியைச் சொல்லுதல் போன்ற பயிற்சிகள் இன்று நம் கல்லூரிப் பட்டறைகளில் எங்கிருந்து வந்தவை என்று அறியப்படாமலே வழங்குகின்றன. அவற்றால் விளைந்த நன்மை சிறிதன்று. மேடைக்கூச்சமும் செயற்கையான குரலும் உடைந்தது அவற்றால்தான். ஆயினும் அவை பெரிதும் நுழைவதற்கான பயிற்சிகளே.

‘பாக்கே’யை வெறியாட்டோடு ஒப்பிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. வேலன் வெறியாட்டுக்கும் பாக்கஸ் பெண்களின் ஆட்டத்துக்கும் ஒப்புமை கண்டு நின்றுவிடுவதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. பயன் தரும் ஒப்பீடு வேறிடத்தில் இருக்கிறது. சாமி வந்தவரைப் பற்றிப் பேசும்போது, சாமி ‘இறங்கியது’ என்பதோடு நம் மக்கள் நிறுத்துவதில்லை. சாமி ‘மலையேறியது’ என்றும் சொல்கிறார்கள். வருவதற்கு ஒரு சொல் இருப்பதுபோலப் போவதற்கும் ஒரு சொல் உண்டு. திருநீறும் தண்ணீரும் தாங்கிப் பிடிக்க ஆட்களும் உண்டு. தெருக்கூத்தில் துகிலுரியும் கட்டத்தில், துச்சாதனன் வேடமிட்டவர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி வணங்கும் வழக்கமும் இவ்வகையினதே. பாத்திரம் செய்யும் கொடுமைக்கு நடிகன் பொறுப்பாளி அல்லன் என்பதை ஊரறியச் சொல்லும் ஏற்பாடு அது. பட்டறை வழியே வந்த பயிற்சிகள் இந்த இரண்டாம் பாதியைத் தம்முடன் கொண்டுவரவில்லை.

யூரிப்பிடிஸிடம் அந்த இரண்டாம் பாதி இருக்கிறது. மகனின் தலையைச் சிங்கத்தின் தலை என எண்ணி ஏந்திவரும் அகாவேயிடம் அவள் தந்தை காட்மஸ் உண்மையை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. முதலில் வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். அது முன்போல் இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று கேட்கிறார். அவளை யாருக்கு மணம்செய்து கொடுத்தார்கள், அவள் பெற்ற பிள்ளையின் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, அதன்பிறகே கையில் இருப்பது யாருடைய தலை என்று கேட்கிறார். கேள்வி வட்டத்தின் கேள்விகளும் சொந்த வாழ்வு பற்றியவையே. ஆனால் அவை நடிகரை உடையச் செய்ய எழுந்தவை. காட்மஸின் கேள்விகள் அகாவேயை அவளிடம் திருப்பித் தருவதற்கானவை. ஊர், கணவன், மகன் என்று அவளுக்குத் தெரிந்தவற்றின் வழியே படிப்படியாக அவளை அழைத்து வருகிறார். இப்பகுதியில் தற்கால உளச்சிகிச்சையை ஒத்த அமைப்பைக் கண்ட மருத்துவ வாசிப்புகளும் உண்டு. ஒத்திகை நடத்துவோர்க்கு அது அதனினும் நேரடியாகப் பயன்படும். எத்தனை கேள்விகள், எந்த வரிசையில், எவ்வளவு பொறுமையுடன் என்பது வரை அதில் இருக்கிறது.

தெளிவு பெற்றபின் அகாவே என்ன செய்தாள் என்பதுதான் முழுமையாகக் கிடைக்கவில்லை. ‘பாக்கே’க்கு இரண்டு முதன்மைச் சுவடிகளே உள்ளன. ஒன்று 755ஆம் வரியோடு நின்றுவிடுகிறது. மற்றதில் 1329ஆம் வரியை அடுத்து ஒரு பகுதி விடுபட்டுள்ளது. சிதறிக்கிடந்த மகனின் உடலுறுப்புகளை அகாவே ஒன்றுசேர்த்து அழும் காட்சி அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைப் பழைய அணியிலக்கணக் குறிப்பொன்றும், பைசாந்தியக் காலத்துக் ‘கிறிஸ்துவின் பாடுகள்’ என்ற நாடகத்தில் எடுத்தாளப்பட்ட வரிகளும் காட்டுகின்றன. இந்நாடகத்தை எடுக்கும் ஒவ்வொரு மாணவர் குழுவும் இவ்விடத்தை வந்தடைகிறது. மொழிபெயர்ப்பாளர் சிலர் வரிகளைப் புனைந்து நிரப்புகின்றனர். சிலர் புள்ளிகளிட்டு விடுகின்றனர். பயிற்சிக்கூடத்தில் புள்ளிகளிட இயலாது. தெளிந்து நிற்கும் அகாவேயாக ஒரு மாணவி அங்கே இருக்கிறாள். அடுத்து அவள் எதைச் செய்வது, எவ்வளவு நேரம், யார் அவளருகில் நிற்பது என்பதை ஆசிரியரும் மாணவரும் கூடி முடிவுசெய்தாக வேண்டும்.